செக்ரட்டரி வீட்டுக்குப் போகிறவர்கள்

கழி பிடிப்பது என்று ஒரு தொழில் இருக்கிறது. அதில் கையைவிட வாய்க்கு வேலை அதிகம், வாயைவிடக் காதுக்கு. தியேட்டர் வாசலில் டிக்கெட் கிழித்தவர்கள், கல்யாணப் பந்தியின் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றவர்கள், சைக்கிள் ஸ்டாண்டில் டோக்கன் கொடுத்தவர்கள், "யாரு நீங்க, எங்க போறீங்க?" என்று முன்பின் தெரியாதவர்களைக் கேட்டு முறைப்பை வாங்கிக் கட்டிக்கொண்டவர்கள் எல்லோரும் எனக்குச் சொந்தக்காரர்கள். உங்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். மற்றவர்களும் படிக்கலாம். ஆனால் எதற்காகப் படிக்கிறார்கள் என்று எனக்குக் கொஞ்சம் சந்தேகமாக இருக்கும். அது தொழிலில் ஒட்டிக்கொண்ட வியாதி.

வாய்க்கு ஒரு வேலை

தாம்பரத்தைத் தாண்டி, பாலத்துக்காக ஜி.எஸ்.டி. ரோடு மெல்ல உயரத் தொடங்கும் இடத்தில், எங்கள் பாரிஜாத நகர் பள்ளத்தில் கிடக்கிறது. ரோட்டை உயர்த்தியபோது மண் லாரிகள் ஏறி இறங்க ஒரு சரிவு போட்டார்கள். வேலை முடிந்து லாரிகள் போய்விட்டன, சரிவு போகவில்லை. யாரோ அதன்மேல் தாரும் ஊற்றினார்கள். அதற்கு 'இறக்கம்' என்று பெயர். ஏறிப் போகிறவர்களும் இறக்கம் என்றுதான் சொல்வார்கள். பஸ் ஸ்டாண்டு நெரிசலில் மாட்டாமல் முடிச்சூர் ரோட்டைப் பிடிக்க இது நல்ல குறுக்கு வழி என்று எவனோ ஒருவன் கண்டுபிடித்தான். கொஞ்ச நாளில் ஆபீஸ் போகிற உலகமே கண்டுபிடித்துவிட்டது. காலையும் மாலையும் எங்கள் தெருவில் கோலம் போட உட்கார்ந்தவர்கள் எழுந்து சுவரோடு ஒட்டிக்கொள்ள வேண்டியதாயிற்று. டியூஷனுக்குப் போன ஒரு பையனை மொபெட் இடித்துக் கை முறிந்த பிறகு நகர் இரண்டாகப் பிளந்தது.

இறக்கத்தை மூடி இரும்புத் தூண் நட வேண்டும் என்றவர்களுக்கு நலச்சங்க செக்ரட்டரி ராமலிங்கம் சார் தலைவர். ரயில்வே ஆபீஸில் இருந்து ஓய்வு பெற்றவர். திறந்தேதான் இருக்க வேண்டும் என்றவர்களுக்கு, இறக்கத்தின் அடியில் மளிகைக் கடை வைத்திருக்கும் பன்னீர் அண்ணன். சண்டை தீராததால், பொதுக்கூட்டத்தில் முடிவாகும்வரை சோதனையாக ஒரு மூங்கில் கழியைக் குறுக்கே போட்டார்கள். நெரிசல் நேரத்தில் நகர்க்காரர்களும் அவர்கள் வீட்டுக்கு வருகிறவர்களும் மட்டும் போகலாம். கழியைத் தூக்கி இறக்க ஆள் வேண்டும். நான் அப்போது பிளஸ் டூவில் கணக்கில் கோட்டை விட்டுவிட்டு, மதகுச் சுவரில் உட்கார்ந்து நண்பர்களுக்கு ராமலிங்கம் சார் மாதிரி பேசிக் காட்டிக்கொண்டிருந்தேன். தொண்டையை இரண்டு தடவை செருமி, "அதாவது" என்று ஆரம்பித்து, "புரியுதா" என்று முடிக்க வேண்டும், அவ்வளவுதான் சார். நண்பர்கள் சிரிப்பதை நிறுத்தியதும்தான் திரும்பிப் பார்த்தேன். அடிப்பார் என்று நினைத்தேன். வேலை கொடுத்தார்.

எனக்கு அது உயிர்ப்பிச்சை. "சும்மா சுத்தினா பம்மலுக்குப் போ" என்று அப்பா சொல்லியிருந்தார். பம்மலில் பெரியப்பாவுக்கு லேத் பட்டறை. அந்த இரைச்சலில் நான் யார் குரலில் பேசினாலும் ஒன்றுதான். ஒரு ஈ காக்காய்க்குக் கேட்காது. கழி இருக்கும்வரை எனக்குப் பம்மல் இல்லை. ஆனால் யோசித்துப் பாருங்கள்: மூடுகிற கட்சி ஜெயித்தால் தூண் வந்துவிடும், கழி வேண்டாம். திறக்கிற கட்சி ஜெயித்தாலும் கழி வேண்டாம். சண்டை ஓயாமல் இருந்தால்தான் எனக்குப் பிழைப்பு. இத்தனை பேர் இருக்க சார் என்னை ஏன் பிடித்தார் என்ற சந்தேகம் மட்டும் உறுத்திக்கொண்டே இருந்தது. "போயும் போயும் அந்தக் குரங்கையா வெச்சீங்க?" என்று அவர் மனைவி கேட்டபோது, சார் சொன்ன பதில் ஜன்னல் வழியாக என் காதில் விழுந்தது: "அதாவது, அங்க வர்றவன் போறவன் எல்லாம் திட்டுவான். அந்தத் திட்டு ஒரு நல்ல பையனுக்குப் போகக் கூடாது பாரு."

ஊருக்கே ஒரு விருந்து

கழிக்குப் பக்கத்தில் சார் ஒரு பலகை நட்டிருந்தார். 'வெளியார் வாகனங்களுக்கு அனுமதி இல்லை. விவரங்களுக்கு: செக்ரட்டரி ராமலிங்கம்.' பெயர் பெரிய எழுத்தில் இருக்க வேண்டும் என்று பெயிண்டரிடம் அவரே நின்று எழுதி வாங்கினார். முதல் நாள் காலையில் முதல் ஸ்கூட்டர் வந்தது. "யார் வீட்டுக்கு சார்?" என்று கேட்டேன். ஸ்கூட்டர்காரர் என்னைப் பார்த்தார், கழியைப் பார்த்தார், பலகையைப் பார்த்தார். "ராமலிங்கம் வீட்டுக்கு" என்றார். அதன் பிறகு வந்த அத்தனை பேரும் அங்கேதான் போனார்கள். டை கட்டிய ஒருவர், "மிஸ்டர் ராமலிங்கம் இஸ் வெயிட்டிங் ஃபார் மீ" என்று கைக்கடிகாரத்தைக் காட்டினார். மொபெட்டில் கரணையும் மட்டப்பலகையும் வைத்திருந்த மேஸ்திரி, "செகரெட்ரி நம்ம தோஸ்துபா, வூட்ல பூச்சு வேல கீது" என்றார். காட்டாங்குளத்தூர் காலேஜ் பையன்கள் மூன்று பேர் ஒரே வண்டியில் வந்து, "தாத்தாவுக்கு உடம்பு எப்படி இருக்குன்னு பாக்கணும்" என்று முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டார்கள். நான் கழியைத் தூக்கினேன். விதி அதுதானே.

நகர்க்காரர்கள் ஜன்னலில் நின்று பார்த்தார்கள். எவனை நிறுத்திக் கேட்டாலும் செக்ரட்டரி வீடு என்கிறான். இவ்வளவு பேர் ஒரு மனிதர் வீட்டுக்கு எதற்குப் போகிறார்கள்? பெண்ணுக்கு ரகசியமாக வரன் பார்க்கிறாரா, ஏரிப் பக்கம் மனை விற்கிறாரா என்று மூடுகிற கட்சிக்குள்ளேயே காதும் காதும் வைத்துப் பேச ஆரம்பித்தார்கள். பன்னீர் அண்ணன் வெற்றிலையைக் கன்னத்தில் அதக்கிக்கொண்டு வாடிக்கையாளர்களிடம் தன் முடிவைச் சொன்னார்: "இத்தினி பேரு ஒரே வூட்டாண்ட போறாங்கன்னா ஒண்ணு சாவு வுழுந்திருக்கணும், இல்ல அந்தாளு சீட்டுப் புடிக்கணும். சாவு வுழல."

முருங்கை

சீட்டுக் கம்பெனிப் பேச்சு சாருக்குப் போய்ச் சேர்ந்தது. மறுநாள் விடிந்ததும் கழியடிக்கு வந்து, குரலைத் தாழ்த்தி உத்தரவு போட்டார். இனிமேல் என் பெயரைச் சொல்லி எவன் வந்தாலும், என் வீட்டு வாசலில் என்ன மரம் இருக்கிறது என்று கேள். நிஜமாக வந்து போகிறவனுக்குத் தெரியும், மற்றவன் முழிப்பான். யாராக இருந்தாலும் விலக்கு இல்லை, புரியுதா. எனக்கு ஒரே சந்தோஷம். பரீட்சை எழுதித் தோற்றவன் பரீட்சை வைக்கப் போகிறேன். அன்று காலை பாரிஜாத நகருக்கு வந்த படித்தவர்கள் வேம்பு, மா, தென்னை, அசோகா என்று தாவரவியலையே கக்கினார்கள். டை கட்டியவர், "ஐ நெவர் நோட்டிஸ் ட்ரீஸ்" என்று சொல்லிவிட்டு வண்டியைத் திருப்பினார். இரண்டு நாள் இறக்கம் வெறிச்சோடிக் கிடந்தது.

மூன்றாவது நாள் எல்லோரும் நூற்றுக்கு நூறு. நான் வாயைத் திறப்பதற்குள் "முருங்கை" என்றார்கள். யார் சொல்லிக் கொடுத்தது? பால்காரரைச் சந்தேகப்பட்டேன், பேப்பர் போடுகிறவனைச் சந்தேகப்பட்டேன், தூக்கத்தில் நானே உளறுகிறேனோ என்று என்னையும் சந்தேகப்பட்டேன். கடைசியில் வண்டிகள் எல்லாம் பன்னீர் கடையில் ஒரு நிமிஷம் நின்றுவிட்டு வருவதைக் கவனித்தேன். போய்ப் பார்த்தால், கடை முகப்பில் ஒரு பெரிய கட்டு முருங்கைக்காய் தொங்குகிறது. சாரின் மனைவி செக்ரட்டரி அம்மாவேதான் வழக்கம்போல் காய் பறித்துக் கடைக்குக் கொடுத்திருக்கிறார். கட்சி வேறு, காய் வேறு. "அண்ணே, பதிலை வெளியே விடறீங்களா?" என்று கேட்டேன். அவர் எதுவும் அறியாத முகத்தோடு சொன்னார்: "நான் இன்னாத்தப்பா வுட்டேன்? செகரெட்ரி வூட்டு வாசல் மரத்துக் காயி, ஃப்ரெஷ்ஷா கீது, வாங்கிக்கன்னு வியாபாரந்தான் பண்ணிகினு கீறேன்."

என்னைப் பார்க்கிறவரைப் பார்க்கிறவர்

பதில் கசிந்த பிறகு சாரின் கட்சி என்னை நம்பவில்லை. பன்னீரிடம் சோடா குடித்துவிட்டு நானே சொல்லிக் கொடுத்தேன் என்று பேச்சு. என்னைக் கண்காணிக்க, வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்ற துரைசாமி சாரை மதகுச் சுவரில் உட்கார வைத்தார்கள். அவர் பேப்பரை முகத்துக்கு நேராகப் பிடித்துக்கொள்வார். காற்று அடித்தால் பேப்பர் மடங்கி, நேராக என்னையே பார்த்துக்கொண்டிருக்கும் இரண்டு கண்கள் தெரியும். நான் கழியைத் தூக்கும்போதெல்லாம் அவர் தொண்டையில் ஒரு 'ம்' கேட்கும்.

இது பன்னீர் கட்சிக்குப் பொறுக்கவில்லை. கண்காணிப்பு என்ற பெயரில் வாத்தியார் வேண்டியவர்களை மட்டும் விடச் சொல்லிச் சைகை காட்டுகிறாரோ என்று, பன்னீரின் மச்சான் செல்வத்தை அதே சுவரின் மறுகோடியில் உட்கார வைத்தார்கள். செல்வத்துக்குப் பேப்பர் பழக்கம் இல்லை. வேர்க்கடலை உரித்துக்கொண்டே வாத்தியாரை முறைத்தார். நாள் போகப் போகச் சுவரில் இருவருக்கும் நடுவில் இருந்த தூரம் குறைந்தது. செல்வம் கடலையை நீட்ட, துரைசாமி சார் சினிமாப் பக்கத்தைக் கிழித்துக் கொடுத்தார். யாராவது தெரிந்தவர் வந்தால் மட்டும் சட்டென்று நகர்ந்து விரோதிகளாகிவிடுவார்கள். ஒரு நாள் பொறுக்காமல், "நான் என்னதான் செய்யட்டும் அண்ணே?" என்று கேட்டேன். செல்வம் கடலைத் தோலை ஊதிவிட்டுச் சொன்னார்: "அவரு உன்னப் பாக்குறாரு, நான் அவரப் பாக்குறேன். உனக்கு இன்னாத்துக்கு இந்த வேலையெல்லாம், நீ கழியப் பாரு."

தட்டிக்குப் பின்னால்

வெயிலுக்காகக் கழியருகே ஒரு ஓலைத் தட்டி நிறுத்தியிருந்தார்கள். அதற்குப் பின்னால் ஒரு ஸ்டூல், ஒரு பானைத் தண்ணீர், நான். தொழில் செய்கிறவர்களுக்குத் தெரியும், நாம் பத்து முறை சொல்லிக் கேட்காதவன் பெரியவர்கள் ஒரு முறை செருமினால் கேட்பான். 'முருங்கை' என்று சொல்லிவிட்டு மிதப்பாக நிற்கிறவர்களிடம், "இருங்க சார், உள்ள செக்ரட்டரி சாரே இருக்காரு, ஒரு வார்த்தை கேட்டுடறேன்" என்பேன். தட்டிக்குப் பின்னால் போய், என் குரலில் "சார், உங்க ஃப்ரெண்டுன்னு ஒருத்தர் வந்திருக்கார்" என்பேன். இரண்டு செருமல். "அதாவது, எனக்கு ஃப்ரெண்டே கிடையாது, புரியுதா." வெளியே வண்டி திரும்புகிற சத்தம் கேட்கும். கூட்டம் இல்லாத நேரத்தில் ராமலிங்கம் சாரும் பன்னீர் அண்ணனும் தட்டிக்குப் பின்னால் என் ஒரே வாயில் சட்டையைப் பிடித்துக்கொண்டு சண்டை போடுவார்கள். துரைசாமி சாருக்கும் செல்வத்துக்கும் இது தெரியும். ரசித்தார்கள் என்றால் எதிர்க்கட்சியோடு சேர்ந்து சிரித்ததாகிவிடும் என்று இருவரும் காட்டிக்கொள்ளவில்லை.

ஒரு மாலையில் அப்படி ஒரு செருமலுக்குப் பிறகு, தட்டிக்கு அந்தப் பக்கம் கொலுசுச் சத்தம். செக்ரட்டரி அம்மா. காய்கறிப் பையோடு வீட்டுக்குப் போகிற வழியில், கணவர் உள்ளே இருக்கிறார் என்று நினைத்துக்கொண்டு நின்றுவிட்டார். அவருடைய அக்கா குடும்பம் குரோம்பேட்டையிலிருந்து ஸ்கூட்டரில் வந்து, வாசல் மரம் என்னவென்று தெரியாமல், முந்தின நாள்தான் என்னால் திருப்பி அனுப்பப்பட்டிருந்தது. வெளியே வந்து நான்தான் என்று சொல்ல எனக்குத் தைரியம் இல்லை. உள்ளேயே இருந்து ஒரு செருமல் மட்டும் செருமினேன். ஓலை ஆடும்படி அவர் சொன்னார்: "உங்க வாயும் இந்தக் கழி மாதிரிதான். எங்க வீட்டு ஆளுங்க வந்தா மட்டும்தான் கீழ எறங்கும்."

ஏரிக்கரை

சிரிப்பு வராத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். எங்கள் நகரைத் தாண்டினால் ஏரிக்கரை. பாரிஜாத நகருக்கு மனை பிரிப்பதற்கு முன்பிருந்தே அங்கே வீடுகள் உண்டு. அவர்கள் நகர்க்காரர்களும் இல்லை, நகருக்கு வருகிற விருந்தாளிகளும் இல்லை. அவர்களைப் பற்றி விதியில் ஒன்றும் சொல்லவில்லை. நான் கேட்டதற்குச் சார், "அதாவது, அவங்களை விட்டா அவங்களோட சேர்ந்து எல்லாரும் ஏரிக்கரைம்பான்" என்றார். அதிலும் நியாயம் இருந்தது. அன்றே டை கட்டியவர் ஏரிக்கரைக்காரர் ஆகியிருந்தார்.

கலா அக்கா சானடோரியம் பக்கம் ஒரு எக்ஸ்போர்ட் கம்பெனியில் சட்டைக்குக் காலர் தைக்கிறவர். தம்பி தினமும் மொபெட்டில் கொண்டுபோய் விடுவான். நேரம் தப்பினால் கம்பெனி கேட்டை மூடிவிடுவார்கள். அன்றைய கூலி போச்சு, இரண்டு மூன்று தடவை ஆனால் வேலையும் போச்சு. அன்று அவர்களை நிறுத்தினேன். துரைசாமி சார் ஒரு பக்கமும் செல்வம் ஒரு பக்கமும் பார்த்துக்கொண்டிருந்ததால், யார் வீட்டுக்கு என்ற வழக்கமான கேள்வியையும் கேட்டுவைத்தேன். கலா அக்கா வண்டியிலிருந்து இறங்கவில்லை. டிபன் டப்பாவை மடியில் மாற்றி வைத்துக்கொண்டார். "எங்க கம்பெனி கேட்டாண்டயும் ஒருத்தன் கீறான், உன்ன மாரியே. அவனாவது எங்கள வேலை செய்ய வந்தவங்கன்னு நெனைக்கிறான்" என்றார். நான் யார் குரலிலும் பேசவில்லை. கழியைத் தூக்கினேன். அதற்குப் பிறகு ஏரிக்கரை வண்டிகளை நான் நிறுத்துவதே இல்லை. நான் பன்னீர் கட்சி என்பதற்கு அது இன்னொரு சாட்சியாகப் போய்ச் சேர்ந்தது. அன்று இறக்கத்தில் ஏறிப் போகும்போது கலா அக்கா திரும்பாமலே சொன்னது இது: "நான் எங்க வூட்லேர்ந்து ரோட்டுக்குப் போறேன். வழியில நீங்கதான் வந்து வூடு கட்டிக்கினீங்க, உங்களத்தான் எவனும் கேள்வி கேக்கல."

சாம்பல் நிறக் கார்

பொதுக்கூட்டம் நெருங்க நெருங்க, சார் ரகசியமாக ஒரு வேலை பார்த்தார். ரோட்டு இலாகாவில் ஒரு அதிகாரியைப் பிடித்து, தினமும் போன் பேசி, இறக்கத்தை நேரில் பார்த்துத் தூண் நட அனுமதி தருவதற்கு ஒப்புக்கொள்ள வைத்தார். பன்னீருக்குத் தெரிந்தால் ஆள் திரட்டிவிடுவார் என்று பயம். அதனால் அரசாங்க ஜீப்பில் வராதீர்கள், சொந்தக் காரில் வாருங்கள், எதற்கு வந்தீர்கள் என்று எவனிடமும் சொல்லாதீர்கள், என் வீட்டுக்கு என்று மட்டும் சொல்லுங்கள் என்று கேட்டுக்கொண்டார். துரைசாமி சாரையே அவர் முழுதாக நம்பவில்லை, கடலை விஷயம் காதுக்குப் போயிருந்தது. என்னிடம் சொல்வாரா? எல்லாவற்றையும் அதிகாரிக்கு விளக்கமாகச் சொன்னவர், முருங்கை மரத்தை மட்டும் சொல்ல மறந்துவிட்டார்.

நெரிசல் நேரத்தில் சாம்பல் நிறக் கார் ஒன்று கழிக்கு முன் நின்றது. "ராமலிங்கம் வீட்டுக்கு" என்றார் உள்ளே இருந்தவர். "வாசல்ல என்ன மரம் சார்?" "என்ன மரம்னா?" "தெரியாதுன்னா வழி இல்ல சார்." "நான் யாருன்னு தெரியுமா?" "சொல்லுங்க சார்." சொல்ல வாயெடுத்தவர், சொல்லக் கூடாது என்ற ஒப்பந்தம் நினைவுக்கு வந்து மூடிக்கொண்டார். இதைவிடச் சந்தேகமான ஆளை நான் பார்த்ததில்லை. துரைசாமி சார் பேப்பரை இறக்கி, விடாதே என்று தலையாட்டினார். செல்வமும் ஆட்டினார், முதல் தடவையாக இரண்டு தலையும் ஒரே பக்கம் ஆடின. "இருங்க, சாரையே கேட்டுடறேன்" என்று தட்டிக்குப் பின்னால் போனேன். உற்சாகம் அதிகமாகிவிட்டது. மூன்று செருமல் செருமினேன். "அதாவது, என் பேரைச் சொல்லிக்கிட்டு எந்தக் கார்ல எவன் வந்தாலும் திருப்பி அனுப்பு. எனக்கு யாரும் வர வேண்டியதில்லை, புரியுதா." வெளியே வந்தபோது அவர் முகம் சிவந்திருந்தது. அதே நேரத்தில் ராமலிங்கம் சார் வீட்டில் கேசரியும் பஜ்ஜியும் வைத்துக்கொண்டு காத்திருந்தார் என்பது எனக்கு எப்படித் தெரியும்? காரைப் பின்னுக்கு எடுப்பதற்கு முன் கண்ணாடியை இறக்கி அந்த மனிதர் சொன்னார்: "அவர்கிட்ட சொல்லு தம்பி, ஒரு மாசமா போன்ல கேட்ட குரல், எனக்கு நல்லாவே அடையாளம் தெரியும்."

குழந்தைகள் பெஞ்சில்

ஆரம்பப் பள்ளி வகுப்பறையில் சாயங்காலம் பொதுக்கூட்டம். பெரியவர்கள் குழந்தைகள் பெஞ்சில் முட்டியை மோவாய்க்குக் கிட்டே வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். அதிகாரி இனி வர மாட்டார் என்பதையும், செக்ரட்டரியே தன்னைத் திருப்பி அனுப்பிவிட்டதாக அவர் போனில் கத்தியதையும் சார் சொல்லித்தான் ஆக வேண்டியிருந்தது. அவர் கட்சிக்காரர் ஒருவரே எழுந்தார். "அப்போ நீங்க அந்தப் பக்கமா சார்? உங்க வீட்டு முருங்கைக்காய் அந்தக் கடையில தொங்கும்போதே நெனச்சேன்." பன்னீர் அண்ணன் சிரித்தார். சிரித்து முடிப்பதற்குள் அவர் கட்சிக்காரர் ஒருவர் அவரைப் பிடித்தார். "நீ இன்னா சிரிக்கிற? கழி வந்ததுலேர்ந்து வண்டியெல்லாம் உன் கடையாண்டதான் நிக்குது. சோடா யாரு கடைல ஓடுது? கழி போனா உனக்குத்தான் நஷ்டம், நீ எங்க கட்சியா, உன் கட்சியா?" இரண்டு தலைவர்களும் அவரவர் ஆட்களால் சூழப்பட்டு நின்றார்கள். சார் தொண்டையைச் செரும ஆரம்பித்து, பாதியில் நிறுத்திவிட்டார். "அது என் குரல் இல்லை" என்றார். அவர் 'அதாவது' இல்லாமல் பேசி அன்றுதான் கேட்டேன். அறை முழுவதும் மெதுவாகத் திரும்பி என்னைப் பார்த்தது.

"பாபு, என்னை மாதிரிப் பேசு" என்றார் சார். வாயை மூடிக்கொண்டு இருந்தால் சண்டை நிற்காது, கழி நிற்கும், பம்மல் இல்லை. சார் மட்டும் சொந்தத் தெருவில் தலை தூக்க முடியாது. பேசினால் மறுநாளே லேத் பட்டறை. இதையெல்லாம் எடை போட்டுப் பார்த்து முடிவெடுத்தேன் என்று எழுத ஆசைதான். எடை போடவே இல்லை. இத்தனை பேர் ஒரே அறையில், வாயை மூடிக்கொண்டு, நான் பேசுவதற்காகக் காத்திருந்தது என் வாழ்க்கையில் அதுவரை நடந்ததில்லை. இரண்டு செருமலோடு எழுந்தேன். ராமலிங்கம் சார் பேசினார். பன்னீர் அண்ணன் வெற்றிலையோடு பதில் சொன்னார். துரைசாமி சார் 'ம்' என்றார், செல்வம் கடலைத் தோலை ஊதினார், டை கட்டியவர் மரங்களைப் பற்றிச் சொன்னார். பின்வரிசையில் செக்ரட்டரி அம்மா வாயில் முந்தானையை வைத்துக்கொண்டிருந்தவர், திடீரென்று எடுத்துவிட்டுக் கேட்டார்: "அப்போ அன்னிக்கு நான் திட்டினது இவருக்கு இன்னும் போய்ச் சேரவே இல்லையா?"

சிரிப்பு அடங்கியதும் காரியத்துக்கு வந்தார்கள். மூடுவதா திறப்பதா என்பதில் எதுவும் மாறவில்லை. சோதனை தொடரட்டும் என்று தள்ளிப் போட்டார்கள். ஆனால் இத்தனை நாள் குழப்பத்துக்கும் கழி பிடித்தவன்தான் காரணம், சண்டை முடிந்தால் வேலை போகும் என்று அவன்தான் ஊதிவிட்டிருக்கிறான், அவனை உடனே நீக்க வேண்டும் என்று சார் ஒரு தீர்மானம் சொன்னார். பன்னீர் அண்ணன் எழுந்து வழிமொழிந்தார். முழுக்கப் பொய் என்றும் சொல்ல முடியாது. எல்லாக் கைகளும் உயர்ந்தன. கையைக் கீழே இறக்கும் முன் பன்னீர் அண்ணன் சொன்னார்: "செகரெட்ரி சார் சொல்றதுல மொத தபா எனக்கு சந்தேகமே இல்ல."

ஒரு கழி, இரண்டு பேர்

எனக்குப் பதில் யாரைப் போடுவது என்று வந்தபோது, ஒரு கட்சி ஆளை மற்றது ஒப்புக்கொள்ளவில்லை. அதனால் இருவரையும் போட்டார்கள். கழியை இறக்குவது துரைசாமி சார் பொறுப்பு, தூக்குவது செல்வம் பொறுப்பு. இருவரும் இன்னமும் ஒரே பொட்டலத்தில்தான் கடலை தின்கிறார்கள். வேலை நேரத்தில் மட்டும் ஒத்துப் போவதில்லை. முதல் திங்கட்கிழமை நான் பம்மலுக்கு பஸ் பிடிக்க, டிபன் டப்பாவோடு இறக்கம் ஏறிக்கொண்டிருந்தேன். கழி நடுவாக்கில் நின்று ஆடிக்கொண்டிருந்தது. இவர் அமுக்க, அவர் தூக்க, ஒரு ஸ்கூட்டர்காரர் ஏரிக்கரையா இல்லையா என்று வாக்குவாதம். அந்த இடைவெளியில் மொபெட்டுகள் தலையைக் குனிந்துகொண்டு வரிசையாகக் கீழே நுழைந்து போய்க்கொண்டிருந்தன. கலா அக்காவின் தம்பி என் பக்கத்தில் வேகத்தைக் குறைத்தான். பின்னால் இருந்த அக்கா என் டப்பாவைப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "நீ இருந்தப்போ ஒரு நாளு எங்கள நிக்க வெச்சுக் கேட்ட. இப்போ அதுங்க ரெண்டும் ஒண்ண ஒண்ணு கேட்டுகினு நிக்குதுங்க, நாங்க நேரத்தோட வேலைக்குப் போயிகினு கீறோம்."

ஊரில் யாரும் யாரையும் நம்பாததால் கிடைத்த வேலை, எல்லோரும் சேர்ந்து ஒரே ஒரு விஷயத்தை நம்பிய அந்தச் சாயங்காலத்தில் போய்விட்டது.